பேப்பரில் போட்டுவிட்டால் ஊருக்குச் சொன்னதாகிவிடுமா? பொது அறிவிப்பு பற்றி ஓர் எளிய விளக்கம்

போன மாதம் ராயக்கோட்டையில் ஒரு டீக்கடையில் வாழைக்காய் பஜ்ஜி வாங்கினேன். பஜ்ஜியைச் செய்தித்தாளில் மடித்துத் தரக்கூடாது என்று உணவுப் பாதுகாப்புத் துறை சொல்லிக்கொண்டேதான் இருக்கிறது; அது வேறு கதை. எண்ணெய் ஊறியிருந்த அந்தத் தாளில் கட்டம் கட்டி ஓர் அறிவிப்பு தெரிந்தது. ஒரு கல் குவாரிக்கான பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம். இடம், நாள், நேரம், நிலத்தின் புல எண்கள் (சர்வே நம்பர்) எல்லாம் பொடி எழுத்தில் இருந்தன. கூட்டம் முடிந்து பதினோரு நாள் ஆகியிருந்தது.

குவாரி வரப்போகும் கிராமம் அங்கிருந்து ஏழெட்டு கிலோமீட்டர். பெஞ்சில் உட்கார்ந்திருந்த மூன்று பேருக்கும் அதே ஊர். மூவருக்கும் விஷயமே தெரியாது. தாளைக் காட்டியதும் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள்.

"பேப்பர்காரங்க வேணும்னே உள்பக்கத்துல போட்டு மறைச்சுட்டாங்க" என்றார் ஒருவர். "நான் பேப்பரே வாங்கறதில்ல. எனக்குத் தெரியாம நடந்த கூட்டம் எப்படிங்க செல்லும்?" என்றார் அடுத்தவர். மூன்றாமவர் வயதானவர். "கிராம சபைக்கே பேப்பர்ல போட்டாகணும்னு சட்டம் இருக்குது. இதுக்குப் போடாம விடுவாங்களா? போட்டிருக்காங்க பாரு" என்று முடித்துவிட்டார்.

மூன்று பேச்சிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, நிறையத் தவறும் இருக்கிறது. தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் சாலை, குவாரி, சிப்காட், மின்கோபுரம் என்று ஏதாவது ஒன்றுக்கு அறிவிப்பு வந்துகொண்டே இருக்கும் நிலையில், இதைத் தெளிவாகத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

கல்யாணத்துக்கு அழைப்பது மாதிரி

நம் பக்கத்தில் கல்யாணத்துக்கு இரண்டு விதமாக அழைப்பார்கள். நெருங்கிய சொந்தத்துக்கு வெற்றிலை பாக்குத் தட்டோடு வீட்டுக்கே போய், பெயர் சொல்லி அழைக்க வேண்டும். போகாவிட்டால் அந்த மாமன் மண்டப வாசலை மிதிக்க மாட்டார். ஊராருக்கு அப்படியில்லை. கோயில் திடலில் நாலு பேர் முன்னால் "எல்லாரும் வந்துடுங்க" என்று சொல்லிவிட்டால் போதும். அதன் பிறகு ஊரில் யாரும் "எனக்குச் சொல்லவே இல்லை" என்று குறைப்பட முடியாது.

சட்டத்திலும் இதே இரண்டு வழிதான். உங்கள் பெயரும் முகவரியும் போட்டு வீட்டுக்கு வருவது தனி அறிவிப்பு. யார் யாரைப் பாதிக்கும் என்று ஒவ்வொருவராகப் பிடித்துச் சொல்ல முடியாதபோது, எல்லோரும் பார்க்கக்கூடிய இடத்தில் ஒரு தடவை சொல்வது பொது அறிவிப்பு.

பொது அறிவிப்போடு ஒட்டிக்கொண்டு இன்னொரு விதி வருகிறது. அதுதான் ஆளைக் கவிழ்ப்பது. முறைப்படி அறிவித்துவிட்டால், நீங்கள் நிஜமாகப் படித்தீர்களா என்று சட்டம் கேட்காது. உங்களுக்குத் தெரியும் என்றே எடுத்துக்கொள்ளும். இதை 'அறிந்ததாகக் கொள்ளுதல்' என்று வைத்துக்கொள்வோம். நீதிமன்றச் சம்மன் இதற்கு நல்ல உதாரணம். பிரதிவாதி தட்டுப்படவில்லை என்றால், அவர் கடைசியாகக் குடியிருந்த பகுதியில் விற்பனையாகும் நாளிதழில் சம்மனை விளம்பரமாகப் போட நீதிமன்றம் உத்தரவிடலாம். உரிமையியல் நடைமுறைச் சட்டப்படி அது நேரில் கையில் கொடுத்ததற்குச் சமம். பாலக்கோட்டுக்காரர் பெங்களூரில் சென்ட்ரிங் வேலையில் இருப்பார். அவருக்கான சம்மன் பாலக்கோட்டுக்கு வரும் பேப்பரில் வந்திருக்கும். சட்டத்தின் கணக்கில் அவருக்குச் சொல்லியாயிற்று.

ஆக, பெஞ்சில் இருந்த இரண்டாமவரின் "எனக்குத் தெரியாது, அதனால் செல்லாது" என்ற வாதம் அப்படியே எடுபடாது. 'சரியான முறையில் அறிவிக்கவில்லை' என்று காட்ட முடிந்தால் கதை மாறும். அதைப் பிறகு பார்ப்போம்.

தண்டோராவிலிருந்து பேப்பருக்கு

பேப்பர் வருவதற்கு முன்பு இந்த வேலையைச் செய்தது தண்டோரா. தெருமுனையில் நின்று பறையடித்து, வரி கட்டச் சொல்லியும் ஏலம் நடக்கப்போவதைச் சொல்லியும் கூவுவார்கள். அந்த வேலை தலைமுறை தலைமுறையாக யார் தலையில் சுமத்தப்பட்டது என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். 2022 ஆகஸ்டில் அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு, தண்டோரா இனி வேண்டாம், வண்டியில் ஒலிபெருக்கி கட்டி அறிவித்தால் போதும் என்று மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதினார். செய்ய வேண்டிய காரியம், ரொம்பத் தாமதமாக வந்தது.

சட்டப் புத்தகங்களில் மட்டும் இன்னும் பறை ஒலித்துக்கொண்டிருக்கிறது. குவாரி, தொழிற்சாலை போன்றவற்றுக்கு அனுமதி தரும் முறையைச் சொல்லும் 2006-ம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையிலேயே, நாளிதழ் போய்ச் சேராத இடங்களில் பறையடித்தோ வானொலி, தொலைக்காட்சி வழியாகவோ மக்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று இருக்கிறது. பறையை விட்டுவிடுவோம். 'நாளிதழ் போய்ச் சேராத இடம்' என்ற ஒன்று உண்டு, அங்கே விளம்பரம் மட்டும் போதாது என்பதைச் சட்டமே ஒப்புக்கொள்கிறது. அதுதான் இதில் கவனிக்க வேண்டியது. அஞ்செட்டிக்கு அந்தப் பக்கம் உள்ள மலைக் கிராமங்களுக்கும் சித்தேரி மலைக்கும் தினமும் காலையில் பேப்பர் போகிறதா என்று நினைத்துப் பாருங்கள்.

எல்லாவற்றுக்கும் ஒரே விதி கிடையாது

'பொது அறிவிப்புச் சட்டம்' என்று தனியாக ஒன்று இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். இல்லை. ஒவ்வொரு சட்டமும் தனக்கு வேண்டிய வழியைத் தானே சொல்லிக்கொள்கிறது.

முதலில் கிராம சபை. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் இருக்கும் எல்லோரும் சேர்ந்ததுதான் கிராம சபை. முன்பு ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று ஆண்டுக்கு நான்கு நாள் கூடியது. பிறகு மார்ச் 22, நவம்பர் 1 இரண்டும் சேர்ந்து ஆறு நாள் ஆனது. ஏழு நாள் முன்னதாகவே ஊருக்குள் அறிவிக்க வேண்டும். ஊராட்சி அலுவலகப் பலகை, பொது இடங்களில் ஒட்டுவது, வாயால் சொல்வது ஆகியவைதான் அதற்கான வழி. நாளிதழ் விளம்பரம் இதில் வராது. டீக்கடைப் பெரியவர் தவறியது இங்கேதான். தேதி ஊருக்கே மனப்பாடம் என்பதால் அறிவிப்பு இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று தோன்றும். ஆனால் எந்த இடம், எத்தனை மணி, என்ன பொருள் பற்றிப் பேசப் போகிறார்கள் என்பது அறிவிப்பில்தான் இருக்கும். கிராம சபையில் பெரும்பாலும் கோட்டை விடுவது அங்கேதான்.

அடுத்தது கருத்துக்கேட்புக் கூட்டம். சுற்றுச்சூழலைப் பாதிக்கக்கூடிய குவாரி, சுரங்கம், பெரிய தொழிற்சாலை போன்றவற்றுக்கு முன் அனுமதி கொடுப்பதற்கு முன்னால், அக்கம்பக்கத்து மக்களின் கருத்தைப் பதிவு செய்ய நடத்தும் கூட்டம் இது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஏற்பாடு செய்யும். ஆட்சியரோ, கூடுதல் ஆட்சியர் நிலைக்குக் குறையாத அவரது பிரதிநிதியோ தலைமை தாங்குவார். ஒரு முன்னணி தேசிய நாளிதழிலும் ஒரு வட்டார மொழி நாளிதழிலும் விளம்பரம் கொடுக்க வேண்டும். கருத்துச் சொல்ல மக்களுக்கு 30 நாளாவது அவகாசம் தர வேண்டும். கூட்டம் முழுவதையும் வீடியோ எடுக்க வேண்டும். இத்தனை பேர் வந்தால்தான் செல்லும் என்ற கணக்கு கிடையாது. ஆக, ஐந்து பேர் வந்தாலும் அது நடந்த கூட்டம்தான். இதை ஓட்டெடுப்பு என்று நினைத்துக்கொண்டு 'எல்லோரும் எதிர்த்தோம், எப்படி அனுமதி கொடுத்தார்கள்' என்று கேட்பவர்களும் உண்டு. அங்கே எடுப்பது பதிவு மட்டும்தான், முடிவு வேறு இடத்தில் நடக்கும்.

அந்த 30 நாளை 20 ஆகக் குறைக்க 2020-ல் ஒன்றிய அரசு ஒரு வரைவு கொண்டுவந்தது. அந்த வரைவே இந்தியிலும் ஆங்கிலத்திலும்தான் வெளியானது. 22 மொழிகளிலும் மொழிபெயர்த்து வெளியிடச் சொல்லி டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. அறிவிப்புக்கான அவகாசத்தைக் குறைக்கும் அறிவிப்பே மக்களுக்குப் புரியாத மொழியில் வந்தது. எங்கே போய்ச் சொல்வது?

மூன்றாவது நிலம். இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

நிலத்துக்கான அறிவிப்பும் ஓடும் கடிகாரமும்

அதற்கு முன்னால் அரசிதழ் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். அரசாங்கம் தன் உத்தரவுகளையும் அறிவிக்கைகளையும் அதிகாரபூர்வமாக அச்சிடும் இதழ்தான் அது. பத்திரப் பதிவில் மூலப் பத்திரம் எப்படியோ, அப்படி இது. பேப்பரில் வருவது அதன் நகலோ சாரமோதான். கடையில் கிடைக்காது, டீக்கடைக்கு வராது. ஆனால் சட்டம் முதலில் பார்ப்பது அதைத்தான்.

2013-ம் ஆண்டின் நிலம் எடுப்புச் சட்டப்படி நிலம் எடுப்பதாக இருந்தால், முதல்நிலை அறிவிக்கை பல இடங்களில் வர வேண்டும்: அரசிதழ், அந்த வட்டாரத்தில் விற்பனையாகும் இரண்டு தினசரிகள் (ஒன்றாவது வட்டார மொழியில்), ஊராட்சி அல்லது நகராட்சி அலுவலகம், ஆட்சியர், கோட்டாட்சியர், வட்டாட்சியர் அலுவலகங்கள், அரசு இணையதளம். ஆட்சேபம் தெரிவிக்க 60 நாள் உண்டு.

தேசிய நெடுஞ்சாலைக்கு எடுப்பது இந்த வழியில் போகாது. அதற்கு 1956-ம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைகள் சட்டம். 3ஏ பிரிவின்படி ஒன்றிய அரசு 'இந்த நிலங்களை எடுக்க எண்ணியுள்ளோம்' என்று அரசிதழில் அறிவிக்கும். அதன் சாரத்தை இரண்டு உள்ளூர் நாளிதழ்களில், ஒன்று வட்டார மொழியில், அதிகாரி வெளியிடச் செய்ய வேண்டும். ஆட்சேபம் தெரிவிக்க 3சி பிரிவு கொடுப்பது 21 நாள். பிரிவின் வாசகத்தைக் கவனித்துப் படித்தால் அந்த 21 நாள் அரசிதழில் வெளியான அறிவிக்கையிலிருந்து ஓடுகிறது. பேப்பரில் நாலு நாள் கழித்து வந்து, பக்கத்து வீட்டுக்காரர் சொல்லி, நீங்கள் பேப்பரைத் தேடிப் பிடித்து, கிராம நிர்வாக அலுவலரைப் பார்த்து புல எண்ணைச் சரிபார்ப்பதற்குள் பாதி நாள் போய்விடும்.

சென்னை - சேலம் எட்டுவழிச் சாலைக்கு 2018-ல் இந்தச் சட்டப்படிதான் அறிவிக்கைகள் வந்தன. அரூர், பாப்பிரெட்டிப்பட்டி பக்கத்தில் அப்போது புல எண் என்ற சொல் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாயில்கூடப் புழங்கியது. 2019 ஏப்ரல் 8 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அந்த அறிவிக்கைகளை ரத்து செய்தது. 2020 டிசம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம், 3ஏ அறிவிக்கைக்கு முன்பாகவே சுற்றுச்சூழல் முன் அனுமதி வாங்கியிருக்க வேண்டியதில்லை, அறிவிக்கை செல்லும் என்றது. இரண்டு தீர்ப்பும் அறிவிக்கையைச் சுற்றியே நின்றன என்பதைப் பாருங்கள். பேப்பரின் உள்பக்கத்தில் பொடி எழுத்தில் வரும் ஒரு பட்டியலுக்கு அவ்வளவு கனம்.

சிப்காட்டுக்கு நிலம் எடுப்பது 1997-ம் ஆண்டின் தமிழ்நாடு தனிச் சட்டத்தின்படி. அதன் நடைமுறை வேறு, இங்கே விரிக்கவில்லை. அறிவிப்பைப் பார்த்ததும் முதலில் 'எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு' என்று பாருங்கள். உங்களுக்கு எத்தனை நாள் என்பது அதில்தான் இருக்கிறது.

இதுவரை வந்ததைச் சுருக்கினால்: கிராம சபைக்குப் பேப்பர் தேவையில்லை, ஊருக்குள் ஏழு நாள் அறிவிப்பு; கருத்துக்கேட்புக்கு இரண்டு நாளிதழ், 30 நாள்; நெடுஞ்சாலை நிலத்துக்கு அரசிதழும் இரண்டு நாளிதழும், 21 நாள்; 2013 சட்டத்தில் 60 நாள்.

சரி, பேப்பருக்கு என்ன பொறுப்பு?

முதலாமவர் கோபத்துக்கு வருவோம். மேலே சொன்ன எந்தச் சட்டமும் 'நாளிதழே, நீ இதை வெளியிட்டே ஆக வேண்டும்' என்று சொல்லவில்லை. அதிகாரியைப் பார்த்துத்தான் 'வெளியிடச் செய்' என்கிறது. கடமை அலுவலகத்தின் தலையில் இருக்கிறது. பேப்பர் அதைச் சுமந்து வரும் வண்டி. பஸ்ஸில் பார்சல் அனுப்புகிறோம் அல்லவா, அதே ஏற்பாடு. கட்டணம் கட்டி, ரசீது வாங்கி அனுப்புவார்கள். ஏற்றவே இல்லையென்றால் அனுப்பியவரைத்தான் கேட்க முடியும்.

அலுவலகத்திலிருந்து ஒரு விஷயம் பேப்பருக்கு இரண்டு வாசல் வழியாகப் போகிறது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பாதிச் சண்டை.

முதல் வாசல் விளம்பரம். அலுவலகம் வாசகத்தைத் தயாரித்து, மாநில அரசு என்றால் பெரும்பாலும் செய்தி மக்கள் தொடர்புத் துறை வழியாக, எந்த நாளிதழ், எந்தப் பதிப்பு, எத்தனை சதுர சென்டிமீட்டர் என்று குறித்து 'ரிலீஸ் ஆர்டர்' கொடுக்கும். பத்திரிகை ஆபீசில் சுருக்கமாக ஆர்.ஓ. என்பார்கள். காசு கொடுத்து வாங்கிய இடம் என்பதால் வாசகத்தில் ஒரு எழுத்தைக்கூட ஆசிரியர் குழு மாற்றக்கூடாது. அச்சானதும் அந்த இதழின் பிரதி ஒன்று, வவுச்சர் காப்பி, பில்லோடு சேர்ந்து அலுவலகத்துக்குத் திரும்பும். அங்கே கோப்பில் ஏறும். அறிவிப்பின் கீழ் ஓரத்தில் 'செ.ம.தொ.இ' என்று தொடங்கி ஒரு எண் இருந்தால் அது இந்த வழியாக வந்தது.

இரண்டாம் வாசல் செய்திக்குறிப்பு. ஆட்சியர் அலுவலகத்திலிருந்து மக்கள் தொடர்பு அலுவலர் நிருபர்களுக்கு இலவசமாக அனுப்பும் தகவல் இது. 'விவசாயிகள் குறைதீர் கூட்டம் - கலெக்டர் தகவல்' என்று நாலு வரியில் வருகிறதே, அதுதான். இதைப் போடுவதும் வெட்டுவதும் விடுவதும் ஆசிரியர் குழுவின் விருப்பம். அன்றைக்குத் தொப்பூர் கணவாயில் பெரிய விபத்து என்றால் நாலு வரியும் போய்விடும். அதற்காக யாரையும் கோர்ட்டுக்கு இழுக்க முடியாது. கிராம சபை பற்றி நீங்கள் பேப்பரில் பார்ப்பது பெரும்பாலும் இந்த வகை. பெரியவர் அதைப் பார்த்துத்தான் சட்டம் என்று நினைத்திருக்க வேண்டும்.

எந்தப் பக்கத்தில் போட வேண்டும், எவ்வளவு பெரிய எழுத்தில் போட வேண்டும் என்று இந்தச் சட்டங்கள் சொல்வதில்லை. முதல் பக்கத்துக்குக் கட்டணம் அதிகம், அலுவலகம் அதை வாங்காது. ஆகவே உள்பக்கம். 'மறைத்துவிட்டார்கள்' என்று தோன்றுவதற்குப் பின்னால் பெரும்பாலும் இருப்பது இந்தச் சிக்கனம்தான். வாங்கிக்கொண்ட விளம்பரத்தைச் சொன்ன நாளில், சொன்ன பதிப்பில், கொடுத்தபடி அச்சிடுவது பேப்பரின் வியாபாரப் பொறுப்பு. விளம்பரத்தைச் செய்தி மாதிரி காட்டி வாசகரை ஏமாற்றக்கூடாது என்பது பத்திரிகை கவுன்சிலின் நெறி. கூட்டத் தேதி தப்பாக அச்சாகிவிட்டால் திருத்தம் வெளியிடச் செய்ய வேண்டியது மறுபடியும் அலுவலகம்தான்.

இதோடு பேப்பரை விட்டுவிடலாமா? சட்டப்படி விட்டுவிடலாம். எனக்கு மனசு ஒப்பவில்லை. எட்டாம் பக்கத்தில் ஒரு கிராமத்துக்குக் குவாரி வருகிறது என்று காசு வாங்கி அச்சிட்ட அதே பேப்பர், மூன்றாம் பக்கத்தில் 'இன்ன ஊரில் இன்ன தேதி கருத்துக்கேட்பு' என்று நாலு வரி செய்தி போட யார் தடுத்தார்கள்? விளம்பரப் பிரிவுக்குத் தெரிந்தது செய்திப் பிரிவுக்குத் தெரிவதில்லை, அல்லது தெரிந்தும் கேட்பதில்லை. மாவட்டங்களில் பகுதிநேர நிருபரே விளம்பரமும் பிடித்துக் கொடுக்க வேண்டிய நிலை இருக்கும்போது, விளம்பரம் தருபவரைச் சங்கடப்படுத்தும் செய்தியை அவர் எழுதுவார் என்று எதிர்பார்ப்பதும் கஷ்டம்தான்.

அமெரிக்காவின் பல மாநிலங்களில் உள்ளாட்சிக் கூட்டங்களின் அறிவிப்பை உள்ளூர் நாளிதழில் போட வேண்டும் என்று சட்டம் உண்டு. அந்த வருமானத்தில் ஓடும் சின்னப் பேப்பர்களும் உண்டு. அங்கே இப்போது சண்டை, இனி இணையதளத்தில் போட்டால் போதுமா என்பதில். புளோரிடா 2022-ல் சட்டம் மாற்றி அதற்கு வழி விட்டது. நமக்கு 2013 நிலச் சட்டம் இரண்டையும் கேட்கிறது. அதுவே நல்லது என்பேன். இணையதளத்தில் இருப்பதைத் தேடிப் போனால்தான் தெரியும். பேப்பராவது பஜ்ஜியோடு வந்து சேர்கிறது.

அச்சானாலும் ஏன் கண்ணில் படுவதில்லை

ஒரு காரணம் மொழி. சட்டம் 'வட்டார மொழி' என்றால் நம் அலுவலகங்களில் அதற்குத் தமிழ் என்று அர்த்தம். தளி, தேன்கனிக்கோட்டை, ஓசூர் சுற்றுவட்டாரத்தில் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசும் குடும்பங்கள் ஏராளம். கன்னடப் பேப்பர் மட்டும் படிக்கும் பெரியவருக்குத் தமிழ் விளம்பரமும் ஆங்கில விளம்பரமும் ஒன்றுதான். இன்னொன்று பதிப்பு. பேப்பர் ஒன்றாக இருந்தாலும் ஊருக்கு ஊர் பதிப்பு மாறும், உள்பக்கங்கள் மாறும். சேலம் பதிப்பில் வந்தது பெங்களூர் பதிப்பில் இருக்க வேண்டும் என்று இல்லை.

இவற்றைவிடப் பெரிய காரணம் ஊர்ப் பெயர். நம் பக்கத்தில் ஆளுக்கு ஒரு கொட்டாயில் குடியிருக்கிறோம். தாத்தா பெயரில் ஒரு கொட்டாய், கிணற்றுப் பெயரில் ஒன்று, மாமரத்துப் பெயரில் ஒன்று. அறிவிப்பில் அது எதுவும் வராது. வருவது வருவாய் கிராமத்தின் பெயர். நிலக் கணக்குக்காக வருவாய்த் துறை எல்லை பிரித்து வைத்திருக்கும் கிராமம் அது. ஒரு வருவாய் கிராமத்துக்குள் பத்துப் பதினைந்து கொட்டாய்கூட இருக்கும். நிலத்துக்குப் புல எண். ஊரில் சர்வே நம்பர் என்போம். பட்டாதாரர் பெயர் என்ற இடத்தில், பட்டா மாற்றாமல் விட்டிருந்தால், இருபது வருடத்துக்கு முன் இறந்த தாத்தா பெயர் இருக்கும். பேரன் தன் பெயரைத் தேடிவிட்டு, நம்முடையது இல்லை என்று பக்கத்தைத் திருப்பிவிடுவான்.

பழைய கோப்புகளில் இன்னொரு குழப்பமும் உண்டு. கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004-ல்தான். அதற்கு முந்தைய அறிவிப்புகளில் ஓசூரும் ஊத்தங்கரையும் 'தருமபுரி மாவட்டம்' என்றே இருக்கும்.

அளவும் ஏக்கர், சென்ட்டில் வராது. ஹெக்டேர், ஏர்ஸில் வரும். 0.20.25 என்று பார்த்தால் ஏதோ பின்னம் மாதிரி தோன்றும். 0 ஹெக்டேர், 20 ஏர்ஸ், 25 சதுர மீட்டர் என்று படிக்க வேண்டும். ஒரு ஏர்ஸ் ஏறக்குறைய இரண்டரை சென்ட். ஆக, அது ஐம்பது சென்ட், அரை ஏக்கர்.

சுருக்கமாக: பெயரைத் தேடாதீர்கள். வருவாய் கிராமத்தையும் புல எண்ணையும் தேடுங்கள். இரண்டும் உங்கள் பட்டாவில் மேலேயே இருக்கின்றன.

முறையாக அறிவிக்கவில்லை என்றால்

'அறிந்ததாகக் கொள்ளுதல்' என்ற விதிக்கு மறுபக்கம் ஒன்று இருக்கிறது. மக்களுக்குத் தெரிந்துவிட்டதாக வைத்துக்கொள்ள வேண்டுமானால், சட்டம் சொன்ன ஒவ்வொரு படியையும் அலுவலகம் ஏறியிருக்க வேண்டும். பழைய 1894 நிலம் எடுப்புச் சட்டத்தின்கீழ் வந்த மைசூர் மாநில வழக்கு ஒன்றில், அரசிதழில் போட்டது மட்டும் போதாது, அந்த வட்டாரத்திலும் அறிவித்திருக்க வேண்டும், அது கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அரசிதழைக் குடியானவர்கள் படிப்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது என்பதுதான் அதற்குப் பின்னால் இருந்த எண்ணம்.

அதனால் கேட்க வேண்டிய கேள்விகள் இவை. எந்த இரண்டு நாளிதழ், எந்தப் பதிப்பு, எந்தத் தேதி? ஊராட்சிப் பலகையில் ஒட்டியதற்குக் கையெழுத்து இருக்கிறதா? கூட்டத்துக்கு 30 நாள் முன்பாகவே வந்ததா, 26 நாளா? இதற்கெல்லாம் பதில் அந்த வவுச்சர் காப்பி இருக்கும் கோப்பில் இருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி மனுப் போட்டால், 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். விளம்பரப் பக்கத்தின் நகல் வேண்டும் என்று தெளிவாகக் கேளுங்கள். 'முறைப்படி விளம்பரம் செய்யப்பட்டது' என்ற ஒற்றை வரியோடு விட்டுவிடாதீர்கள்.

கருத்துக்கேட்புக் கூட்டத்தைத் தவறவிட்டவர்களுக்கு அதிகம் பேர் கவனிக்காத ஒரு வழியும் உண்டு. அங்கே பேசப்பட்டவற்றின் தொகுப்பை ஊராட்சி அலுவலகத்திலும் ஆட்சியர் அலுவலகத்திலும் பார்வைக்கு வைக்க வேண்டும். அதன்மேல் கருத்து இருந்தால் அனுமதி வழங்கும் ஆணையத்துக்கும் விண்ணப்பித்தவருக்கும் நேரடியாக எழுதி அனுப்பலாம் என்று 2006 அறிவிக்கையே இடம் கொடுக்கிறது. கூட்டத்தில் பேசியவருக்குக் கிடைக்கும் அளவு கவனம் இதற்குக் கிடைக்குமா என்றால், சந்தேகம்தான். ஆனாலும் கோப்பில் ஒரு தாள் ஏறும்.

இதை நான் டீக்கடையில் சொன்னபோது, பேப்பரே வாங்குவதில்லை என்றவர் என் கையிலிருந்த பஜ்ஜித் தாளை வாங்கி மடியில் வைத்துத் தடவி நீட்டினார். வருவாய் கிராமத்தின் பெயரை விரலால் தொட்டுப் படித்தார். புல எண் ஐந்தாறு இருந்தது. எண்ணெய் பட்டு ஒன்று அழிந்திருந்தது. கடைசியில் மொத்தப் பரப்பு 6.07.0 ஹெக்டேர்.

"இது எவ்ளோங்க வரும்?"

"பதினைஞ்சு ஏக்கர்."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு பக்கத்திலிருந்த பெரியவரிடம், "அப்படின்னா கரட்டுல இருந்து எங்க பம்புசெட்டு வரைக்கும் வருதுங்களே" என்றார். தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, டீக்குக் காசு கொடுக்க எழுந்தார்.